மூன்று வரிசைத் தையல்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஆவடியில் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். கையில் வருகிற பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பிசகு என்று சொன்னால்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை ஃபேக்டரி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு, பேப்பர் போடுகிற நேரம், பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை நிறுத்துகிற கோணம் என்று எதையும் நான் சும்மா விட்டதில்லை. என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும் என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். ஆகவே என் மனைவியைப் பற்றி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவனுக்கு என்ன ஆச்சு என்று யாராவது நினைத்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். அவள் இங்கே பக்கத்தில் கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியிருக்கிற எங்கள் குவார்ட்டர்ஸில் உள்ளூர்க்காரி என்று சொல்ல அவள் ஒருத்திதான். தையல்காரி. தரைத்தள வீட்டு ஹாலில், ஜன்னலை ஒட்டி, மோட்டார் மாட்டிய மிஷின். எங்கள் பிளாக்கிலும் சுற்றியுள்ள பிளாக்குகளிலும் இருக்கிற பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் அங்கேதான் தயாராகிறது.

இங்கே யாரும் டேப் வைத்து அளவெடுக்கச் சொல்லி நிற்பதில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. பலர் கொடுக்கிற அளவு ஜாக்கெட் ஐந்தாறு வருஷம் முந்தியதாக இருக்கும். அப்போது இருந்த உடம்புதான் இப்போதும் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள், அல்லது நம்ப ஆசைப்படுகிறார்கள். என் மனைவி மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்வாள். வாங்கும்போதே ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். தைக்கும்போது பக்கவாட்டில் உள்பக்கம் நிறையத் துணி விட்டு, அருகருகே மூன்று வரிசைத் தையல் போடுவாள். பிடிக்கிறது என்றால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் கொஞ்சம் இடம் கொடுக்கும். யாரிடமும் “உடம்பு போட்டுட்டீங்க” என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், என்ன துக்கத்தில் யாருக்கு எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். என்னிடம்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவளுடைய சொந்தப் பச்சை ஜாக்கெட்டில் மூன்று வரிசையும் எப்போதோ போய்விட்டன. அதன் பிறகு இரண்டு பக்கமும் கக்கத்துக்குக் கீழே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொண்டாள். அந்த ஒட்டையும் ஒரு தடவை பிரித்து அகலமாக்கினாள். ஐந்தடிதான் உயரம். எடை நூற்றுப் பதினெட்டு கிலோ.

அவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. காரணம் அவள் வாய்தான். நூல், லைனிங் துணி, கொக்கி வாங்க வாரம் ஒரு தடவை பூந்தமல்லிக்குப் போவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஷேர் ஆட்டோக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அக்கா, நீ ஏறிக்கினா ரெண்டு ஆளு கணக்குக்கா” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “அதுக்கு இன்னாண்ணே, ரெண்டு ஆளு கதையும் நானே பேசிகினு வர்றேன், உனுக்கு போரடிக்காது” என்றாள். ஆட்டோவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் வெட்கப்பட்டு அவளை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரிசலில் ஊர்ந்து போன அந்த முக்கால் மணி நேரமும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். பொருளில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற எனக்கு, இறங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது தெரியவில்லை. பிறகு அவளே சொல்லித்தான் தெரியும்.

அவள் முயற்சி செய்யாமல் இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மைதானத்தில் காலையில் எட்டுச் சுற்று நடந்தாள், முட்டி வீங்கும்வரை. கொள்ளுக் கஞ்சி குடித்தாள். ஆறு மாதம் அரிசியைத் தொடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பூந்தமல்லியில் ஒரு மாடிக்குப் போய், பத்துப் பதினைந்து பேரோடு வட்டமாக உட்கார்ந்து பவுடர் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆறேழு கிலோ குறையும். பிறகு எட்டு கிலோ ஏறும். அப்போதெல்லாம் நான் என்ன செய்தேன் என்றால், என் வேலையைச் செய்தேன். “நடுவுல ரெண்டு நாள் நடக்காம விட்டுட்டே, அதான்” என்று குறை சொன்னேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அவள் மிஷினில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கால் மோட்டார் பெடல் மேல், கை துணி மேல். ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. எனக்கு அன்று வார விடுமுறை. அலறல் கேட்டு ஓடி வந்து சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் தூக்கினேன். ரத்தம் தையலில் இருந்த துணியில் படாமல் விரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் துணியாயிற்றே.

பூந்தமல்லியில் அவளுக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டர்தான் எல்லாவற்றையும் கோத்துச் சொன்னார். ராத்திரி அடிக்கடி மூச்சு நின்றுபோவதால் தூக்கமே இல்லை, பகலில் கண் சொருகுகிறது. இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. முட்டி தேய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். “இது உங்க சோம்பேறித்தனம் இல்லைங்க, இது ஒரு வியாதி. இதுக்கு ஆபரேஷனும் ஒரு வைத்தியம். யோசிச்சுப் பாருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். “சாப்பாட்டைக் கொறைச்சா போற விஷயத்துக்கு வயித்தை அறுத்துக்கணுமா? ஊர் சிரிக்கும்.”

அவள் விரலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படவில்லை. “இருவத்திரண்டு வருசமா பக்கத்துல உக்காந்து சாப்புட்றீங்களே. காத்தால நான் எத்தினி தோசை துன்றேன், நீங்க எத்தினி துன்றீங்க, சொல்லுங்க பாக்கலாம்” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் மூன்று. நான் ஐந்து, சில நாள் ஆறு. என் எடை அறுபத்திரண்டு கிலோ. அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் சம்மதமும் சொல்லவில்லை.

ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்க்கப் போனோம். எங்களைவிட வயதில் சிறிய பெண். ஒரு தாளில் இரைப்பையைப் படம் போட்டு, நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் இருக்கிற பெரும்பகுதியை எடுத்துவிடுவோம், மீதி வாழைப்பழம் போல நீளமாக இருக்கும் என்றார். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், பசியும் குறையும். ஆனால் மாத்திரையும் சத்து மருந்தும் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, மென்று மென்று சாப்பிட வேண்டும், பழைய மாதிரி இருந்தால் எடையும் பழையபடி ஏறும் என்று வரிசையாகச் சொன்னார். என் மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், வெட்டின எடத்த எப்படி மூடுவீங்க? ஊசி நூலா?”

“இல்லம்மா. ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவி. அதுவே வெட்டும், அதுவே பின் போட்டு மூடும்.”

“ஒத்த வரிசையா, ரெட்ட வரிசையா?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “மூணு வரிசை” என்றார்.

“மூணா?” என் மனைவி என் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. “நானும் மூணுதான் டாக்டர் போடுவேன்.”

அதோடு விட்டாளா? “பிரிஞ்சிக்கினா?” என்று கேட்டாள். டாக்டர் மழுப்பவில்லை. அபூர்வமாக அந்த இடத்தில் கசிவு வரலாம், வந்தால் ஆபத்துதான், அதற்காகத்தான் கூடவே வைத்துக் கவனிப்போம் என்றார். தையல் தெரிந்த இரண்டு பேர் போல இருவரும் நேர்மையாகப் பேசிக்கொண்டார்கள். அவள் தலையை ஆட்டி, “செஞ்சிக்கலாம் டாக்டர்” என்றாள். என் காதில் கசிவு, ஆபத்து என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் தங்கிவிட்டன. பயம் என்று ஒத்துக்கொள்ள முடியாமல், “அந்த டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பொண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

ரத்தம், எண்டோஸ்கோபி, தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட் என்று எல்லாம் முடிந்து நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும். புரோட்டீன் பவுடர், நீர் மோர், வடிகட்டிய சூப். கொழுப்பேறிப் பெருத்திருக்கிற கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே கருவி போக வழி கிடைக்கும். “சுருங்கலைன்னா, கேமரா விட்டுப் பாத்துட்டு அப்படியே மூடிடுவேன். ரிஸ்க் எடுக்க மாட்டேன்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு வாரத்தில் அவள் எனக்குச் சமைப்பதை நிறுத்தவில்லை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, “நாளைக்கும் இந்த ஊட்டுலதானே இருக்கணும்? இப்பவே பழகிக்கிறேன்” என்றாள். மூன்றாம் நாள் தலைவலியில் துவண்டு கிடந்தாள். நான்காம் நாள் எனக்கு வெங்காய ஊத்தப்பம் ஊற்றினாள். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று மூக்கால் ஆழமாக இழுத்து, “ஆச்சி, சாப்ட்டேன்” என்று சொல்லிவிட்டு என் தட்டில் போட்டாள். ஆறாம் நாளிலிருந்து பசியைப் பற்றிப் பேசவே இல்லை. இவ்வளவு உறுதி உள்ளவளையா நான் இத்தனை வருஷம் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

இனி சொல்வது என் குற்றம்.

ஏழாம் நாள் காலை பால் வாங்கும் இடத்தில் எதிர்வீட்டு மதுரைக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பிளாக்கிலேயே மூத்தவர், எல்லா விசேஷத்துக்கும் தலைமை அவர்தான். வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் என்று மட்டும் அவருக்குத் தெரியும். திரவ ஆகார விஷயத்தை என் மனைவி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு சூப் கொண்டுவந்து நிற்பார்கள் என்று பயம்.

“தம்பி, இனிமே குருவி கொத்துற கணக்கா நாலு பருக்கைதான் சாப்பிடுமாம்ல. நெனச்சா நெஞ்சே ஆறல. மாசமா இருக்கிறவளுக்கு விதவிதமா ஆக்கிப் போடுறதில்லையா? அது மாதிரி ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிளாக்குல எல்லாரும் ஆளுக்கொண்ணு செஞ்சு கொண்டாரோம். புள்ள ஒரு நாளு வயிறார சாப்பிடட்டும். நீங்க அதுகிட்ட சொல்லிராதீங்க.”

அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. “செய்யுங்கக்கா” என்றேன். பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கே தெரிந்திருந்தது, நான் என்ன செய்கிறேன் என்று. அவள் யார் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாதவள். நாலு வாய் சாப்பிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் நின்றுபோகலாம். நின்றுபோனால் அவள் என் கண் முன்னால் இருப்பாள். தடுத்து நிறுத்த எனக்கு வாய் இல்லை, பிளாக்குப் பெண்களின் பாசத்தை வைத்து நிறுத்தப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். பதினொரு பெண்கள், கையில் பாத்திரங்கள். ஹால் நடுவில் பாய் விரித்து, அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஸ்டூலில் தலைவாழை இலை ஒன்று போட்டார்கள். மதுரைக்கார அம்மா கறிதோசை. நெல்லைக்காரி சொதி. ஆம்பூர்க்காரி பிரியாணியை மூடியோடு கொண்டுவந்தாள். ஈரோட்டுக்காரி அரிசியும்பருப்புச் சாதம், மேலே நெய். கும்பகோணத்துப் பெண் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கடப்பா. நாகர்கோவில்காரி அவியல். எனக்குத் தஞ்சாவூர் என்பதால் யாரோ அசோகா அல்வாகூடக் கிளறிக்கொண்டு வந்திருந்தார்கள். வீடு முழுக்க வாசனை. ஒன்பது நாளாக மோர் குடித்துக்கொண்டிருந்தவள் அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் இலையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்தேன்.

பிறகு அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அக்கா, எல்லாரும் பாய்ல உக்காருங்க. இன்னிக்கு நான்தான் பரிமாறுவேன்.”

“அதெல்லாம் முடியாது, ஒனக்குத்தானடி இம்புட்டும்” என்றார் மதுரைக்கார அம்மா.

“கேளுங்கக்கா. இத்தினி வருசத்துல உங்க யார் ஊட்டு சாப்பாட்டையும் நான் வேணாம்னு சொன்னதே இல்ல. உங்க எல்லாரோட கைப்பக்குவமும் இங்கதான் கீது” என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்துவிட்டு, அதே குரலில் சொன்னாள்: “ஒம்போது நாளா நான் மோரும் பவுடரும்தான் குடிச்சிகினு கீறேன். இதுல ஒரு வாய் துன்னாலும் பட்ட பாடெல்லாம் வீணாப்பூடும். டாக்டர் தொறந்து பாத்துட்டு மூடிடுவாங்க. எனுக்கு ஆபரேஷன் வேணும்க்கா. இன்னும் ரொம்ப வருசம் உங்களுக்கு ஜாக்கெட் தெச்சிக் குடுக்கணும். அதனால இன்னிக்கு ஒரு நாளு வேணாம்னு சொல்றேன். மனசுல வெச்சிக்காதீங்க.”

மதுரைக்கார அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “எனக்குத் தெரியாதே தாயி. தெரிஞ்சிருந்தா செய்வேனா? பாவி, இப்படிப் பண்ணிட்டேனே” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குத் தெரியாதுக்கா. நான் சொல்லாதது என் தப்பு. அழாதீங்க, கறிதோச ஆறிகினு கீது பாருங்க” என்றாள். என் பெயர் அவள் வாயில் வரவில்லை. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பாத்திரமாக மூடி திறந்து முகர்ந்தாள். “இதுல கசகசா அரைச்சீங்களா?” “இஞ்சிச் சாறு கடைசியில விட்டீங்க, கரெக்டா?” என்று கேட்டுக் கேட்டு, நெல்லைக்காரி சொதியை மதுரைக்காரிக்கும், ஆம்பூர் பிரியாணியை நாகர்கோவில்காரிக்குமாக வைத்தாள். பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒருத்தர் வீட்டுச் சமையலை இன்னொருத்தர் ருசி பார்க்காமலே இருந்திருக்கிறார்கள். முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து அவள் பரிமாறினாள். நடுவில் ஒரு டம்ளர் நீர் மோர் குடித்தாள். பரிமாறிக்கொண்டே, “போன தீவாளி ஜாக்கெட்டு கை பிடிக்கிதுன்னியே, எடுத்துகினு வா,” “உம் பொண்ணு விசேஷத்துக்குத் தெக்கணும்னியே, துணி வாங்கிட்டியா?” என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள். ஆபரேஷன் என்று தெரிந்ததிலிருந்து யாரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. என்ன ஆகுமோ என்ற பயத்தை யாரும் வெளியே சொல்லவில்லை, துணியைக் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு ஜாக்கெட் மிஷின் மேல் வந்து சேர்ந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினாள். வீட்டு எண், என்ன செய்ய வேண்டும், கொடுக்கும் தேதி. ஊக்கால் ஜாக்கெட்டில் குத்தி வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அக்கா உங்கள கேக்காம செய்ய மாட்டாங்க.”

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

“பயமா கீதுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். வெயில்ல அத்தினி பேரையும் அடுப்பு முன்னால நிக்க வெச்சிருக்க வேணாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு உடைந்துவிட்டது. ஐம்பத்தோரு வயதில், ஹால் நடுவில் நின்று அழுதேன். “நீ போயிட்டா நான் என்ன பண்றது?” என்றேன். அவ்வளவு நாளாக அடைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

அவள் சீட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. “இருவது வருசமா தெக்கிறேன். குடுத்த தேதிய என்னிக்காவது மாத்திக்கீறேனா? குறை கண்டுபிடிக்கிறவரு நீங்கதானே, சொல்லுங்க.”

யோசித்தேன். வெள்ளம் வந்த வருஷம், மகள் பிறந்த வருஷம், அவள் அப்பா இறந்த மாதம். ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

“இல்ல” என்றேன்.

“அப்ப இந்தத் தேதியெல்லாம் பாருங்க” என்று ஜாக்கெட் குவியலை என் பக்கம் தள்ளினாள். எல்லாத் தேதியும் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்தாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் இருந்தன. அதற்கப்புறம் அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. “எனுக்கும் பயம்தான், தெரியுமா?” என்றாள். பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ, இரண்டு பேரும் பயந்தவர்களாகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்தது குறைவு.

வெள்ளிக்கிழமை அட்மிட் ஆனாள். மறுநாள் காலை ஆபரேஷன். அவளுக்கு வேண்டிய சாமான்களை எடுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மிஷின் மேல் ஜாக்கெட்டுகள் அப்படியே அடுக்கியிருந்தன. பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். அடியில் இருந்தது அவளுடைய ஜாக்கெட், இரண்டு பக்கமும் ஒட்டு வைத்த அதே பச்சை ஜாக்கெட். ஊக்கில் சீட்டு. மேலே எங்கள் வீட்டு எண். கீழே, “ஒட்டை எடுத்துவிட்டு உள்ளே பிடிக்க வேண்டும்.” அதற்கும் ஒரு தேதி.

அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஆபரேஷன் தியேட்டர் வெளியே நாற்காலியில் அந்தப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எதையோ விசாரித்தார், காதில் விழவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார். “கல்லீரல் நல்லாச் சுருங்கியிருக்கு. இவ்வளவு ஒழுங்கா இருந்தவங்க குறைவு. மூணு வரிசையும் கச்சிதமா விழுந்திருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க” என்றார். அந்தச் சின்னப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு வந்த நாட்கள் சுலபமாக இல்லை. ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாகத் தண்ணீர். வாந்தி. மூன்றாவது வாரம் மசித்த இட்லி கால் பங்கு சாப்பிட்டதற்கே அரை மணி நேரம். எதற்கு இதைச் செய்துகொண்டேன் என்று ஒரு நாள் அழுதாள். மறுநாள் எழுந்து வராந்தாவில் நடந்தாள். மதுரைக்கார அம்மா தினமும் ஒரு டம்ளர் வடிகட்டிய பருப்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இன்சுலினைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். பகலில் அவள் கண் சொருகி நான் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரம் மெதுவாக மிஷினில் உட்கார்ந்தாள். சீட்டுப்படி ஒவ்வொன்றாக முடித்தாள். ஒரு காலையில் தேடிக்கொண்டிருந்தாள். “ஒண்ணு கொறையுதே. இன்னிக்குத் தேதி.”

நான் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிப் பையை எடுத்து அந்தப் பச்சை ஜாக்கெட்டைக் கொடுத்தேன். எப்போது எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை. பிளேடால் ஒட்டுத்துணி இரண்டையும் பிரித்து எடுத்தாள். பக்கத்தைச் சேர்த்துப் பிடித்து ஒரு வரிசை ஓட்டினாள். அதற்கு உள்பக்கம் இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று. நூலைக் கடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வரிசையும் நூல் பிடித்த மாதிரி இருந்தன. சீட்டில் இருந்த தேதியையும் பார்த்தேன். அன்றைய தேதிதான்.

“பாஸ்” என்றேன்.

“சரியா கேக்கல. சத்தமா சொல்லுங்க” என்றாள்.

எதிர்வீட்டுக்கே கேட்கும்படி சொன்னேன்.